கொலைகாரன் காதலித்தால் நமக்கு ஏன் சிரிப்பு வருகிறது?

பத்து வருடமாகக் காணாமல் போயிருந்த பையன் ஒரு மாலை கறுப்பு சூட்டோடு வந்து நிற்கிறான். பழைய காதலியைப் பள்ளி ரீயூனியனுக்கு அழைத்துப் போக வந்திருக்கிறான். இத்தனை நாளாய் என்னதான் பண்ணிக்கொண்டிருந்தாய் என்று அவளுடைய அப்பா விசாரிக்கிறார். காசு வாங்கிக்கொண்டு ஆட்களைக் கொல்வதுதான் என் தொழில் என்கிறான் அவன், குரலில் ஒரு மாற்றமும் இல்லாமல். பரவாயில்லையே, வளர்ந்து வரும் துறையாயிற்றே என்கிறார் அப்பா.

அவன் சொன்னது அத்தனையும் உண்மை. அப்பா அதை விளையாட்டுப் பேச்சாக எடுத்துக்கொள்கிறார். நமக்கு உண்மை தெரியும், அதனாலேயே சிரிப்பு வருகிறது. ஆனால் அந்தச் சிரிப்போடு வயிற்றுக்குள் ஏதோ ஒன்று லேசாகப் பிசைகிறது. அந்தப் பிசைவு என்ன, அது எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால் ‘டார்க் ரொமான்டிக் காமெடி’ என்ற வகை முழுவதுமே பிடிபட்டுவிடும். அதைத்தான் இங்கே விளக்கப் பார்க்கிறேன், எனக்கு மிகவும் பிடித்த ஒரே ஒரு படத்தை வைத்துக்கொண்டு.

படம் 1997 ஏப்ரலில் அமெரிக்காவில் வெளியான ‘குரோஸ் பாயிண்ட் பிளாங்க்’. இயக்கம் ஜார்ஜ் ஆர்மிடேஜ். கூலிக்கொலைகாரன் மார்ட்டின் பிளாங்காக ஜான் க்யூசாக், காதலி டெபி நியூபெரியாக மின்னி டிரைவர். படத்தின் கடைசிக் காட்சி வரை பேசப் போகிறேன். முதலில் படத்தைப் பார்க்க வேண்டும் என்று நினைப்பவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள், கட்டுரை எங்கும் போய்விடாது.

முதலில் பெயர். டார்க் காமெடி, பிளாக் காமெடி என்று மாற்றி மாற்றிச் சொல்கிறோம். தமிழில் ‘அவல நகைச்சுவை’ என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்தச் சொல்தான் பிடிக்கும். கறுப்பு, இருட்டு என்று நிறத்தைச் சொல்லாமல், சிரிப்பு எதன் மேல் நிற்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறது. ஐரோப்பாவில் ‘கறுப்பு நகைச்சுவை’ என்ற பெயர் நிலைத்ததில் பிரெஞ்சுக் கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோனுக்குப் பெரும் பங்கு உண்டு. அப்படிப்பட்ட எழுத்துகளைத் திரட்டி 1940இல் ஒரு தொகுப்பு போட்டார். அதில் அங்கத எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்டை முன்னோடியாக முதலில் வைத்தார்.

பெயர் வெளியிலிருந்து வந்திருக்கலாம், அனுபவம் நமக்குப் புதிதில்லை. எங்கள் பாட்டி இறந்தபோது கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் வைத்திருந்தோம். பாட்டிக்குக் குளிர் ஆகாது. சித்திரை வெயிலிலும் ஃபேனைக் குறைக்கச் சொல்வாள், ஏசி போட்ட வீட்டில் ஒரு ராத்திரி தங்க மாட்டாள். நடுச்சாமத்தில் அத்தை பெட்டியின் கண்ணாடியைத் தடவிக்கொண்டே, “குளிரே ஆகாத மனுஷியை இதுக்குள்ள படுக்க வச்சிருக்கோமேடா, எந்திரிச்சா நம்மள சும்மா விடுவாளா” என்றாள். சுற்றி உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் சிரித்துவிட்டோம். சிரிப்பு முடியும் முன்பே அத்தை குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்தாள். அவளைப் பார்த்து நாங்களும்.

அன்றைக்கு யாரும் சாவைக் கேலி செய்யவில்லை. பாட்டி போய்விட்டாள் என்பது அந்தச் சிரிப்பில்தான் எங்களுக்கு முழுதாக உறைத்தது. அவல நகைச்சுவையின் அடிப்படை இவ்வளவுதான். சிரிப்பு வலியை மறைப்பதில்லை, வலி இருக்கிற இடத்துக்கே நம்மைக் கூட்டிக்கொண்டு போய் விடுகிறது.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலைப் படித்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்ள இன்னும் ஒரு வழி இருக்கிறது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு மெய்ப்பாடுகள், அதாவது முகத்திலும் உடம்பிலும் வெளிப்படும் உணர்ச்சிகள். சாதாரண நகைச்சுவைப் படத்தில் நகை மேலே நிற்கும். திகில் படத்தில் அச்சம், காதல் படத்தில் உவகை. நாம் பேசிக்கொண்டிருக்கும் வகையில் நகையும் அச்சமும் உவகையும் ஒரே காட்சியில், ஒரே முகத்தில் வந்து நிற்கும். சிரிப்பு பிறக்கிற இடங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று நான்கைச் சொல்கிறது அதே இயல். டெபியின் அப்பா நம்மைச் சிரிக்க வைப்பது பேதைமையால். அவர் முட்டாள் என்பதால் அல்ல, எதிரே நிற்பவன் யார் என்று அவருக்குத் தெரியவில்லை என்பதால்.

எது அவல நகைச்சுவை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் குழப்பம் அங்கேதான் நடக்கிறது. பிணம் விழுகிறது, ஜோக்கும் இருக்கிறது என்பதால் மட்டும் ஒரு படம் டார்க் காமெடி ஆகிவிடாது. நாயகன் ஐம்பது பேரைச் சுட்டுவிட்டு ஒரு பஞ்ச் வசனம் பேசிக்கொண்டு நடந்து போனால் அது ஆக்‌ஷன் படம். அதில் செத்தவர்களுக்கு எடை இல்லை. கேமரா திரும்பியதும் பிணங்கள் மாயமாகிவிடும். அவல நகைச்சுவையில் பிணத்துக்கு எடை உண்டு. யாராவது அதைத் தூக்கியாக வேண்டும். இந்தப் படத்தில் ரீயூனியன் நடந்துகொண்டிருக்கும்போதே பள்ளியின் பழைய லாக்கர்களுக்குப் பக்கத்தில் ஒரு கொலை நடக்கிறது. மார்ட்டினும் அவனுடைய பள்ளித் தோழன் பாலும் அந்த உடலைத் தூக்கிக்கொண்டு போய்ப் பள்ளியின் உலையில் தள்ளுகிறார்கள். வீடு மனை விற்கிற சாதாரண ஆள் பால். ஜெரமி பிவன் அந்தப் பாத்திரத்தில் நடித்திருக்கிறார். பத்து வருடம் பார்க்காத நண்பனுக்கு அவன் செய்துகொடுக்கும் முதல் உதவி இது. காட்சி முழுக்கச் சிரிப்பு வருகிறது, ஆனால் பாலின் முகத்தைப் பார்த்த பிறகு அந்தச் சிரிப்பு அப்படியே இறங்குவதில்லை.

இனி கூலிக்கொலைகாரன். நம் செய்தித்தாள்களில் ‘கூலிப்படை’ என்று வரும். அது ஒரு கூட்டம், அதற்குப் பின்னால் நிலத்தகராறும் முன்பகையும் இருக்கும். ஹாலிவுட்டின் ஹிட்மேன் வேறு பிறவி. தனி ஆள், சுயதொழில், நல்ல உடை, ஊர் ஊராக விமானப் பயணம். யார் மேலும் அவனுக்குப் பகை கிடையாது. அந்தப் பகையின்மைதான் பயங்கரம், நகைச்சுவைக்கு வேண்டிய கச்சாப்பொருளும் அதுதான். கொலையை அவன் ஒரு ‘வேலை’யாகப் பார்க்கிறான். அதனால் வேலைக்கு உரிய எல்லாத் தொல்லைகளும் அவனுக்கும் வருகின்றன.

படத்தின் முதல் காட்சியே அதுதான். பின்னணியில் ஜானி நாஷின் இதமான பாடல். ஜன்னலோரம் துப்பாக்கியைப் பொருத்திக்கொண்டே மார்ட்டின் ஃபோனில் தன் காரியதரிசி மார்செல்லாவோடு பேசுகிறான். வந்த தபால்களை அவள் சொல்லிக்கொண்டு வருகிறாள். அதில் ஒன்று 1986ஆம் வருடத்து மாணவர்களின் பத்தாண்டு ரீயூனியன் அழைப்பிதழ். போகவேண்டாம் என்று இவன், போ என்று அவள். பேச்சுக்கு நடுவே கீழே தெருவில் ஆட்கள் சாகிறார்கள். மார்செல்லாவாக வருவது ஜோன் க்யூசாக், ஜானின் சொந்த அக்கா. அந்தக் கண்டிப்பும் செல்லமும் கலந்த குரல் நடிப்பால் மட்டும் வந்திருக்காது என்று எனக்குத் தோன்றும்.

வேலைத் தொல்லை இன்னும் இருக்கிறது. டான் அய்க்ராய்டு நடிக்கும் குரோசர் என்ற போட்டிக் கொலைகாரன், கூலிக்கொலைகாரர்கள் எல்லோரும் சேர்ந்து தொழிற்சங்கம் அமைக்க வேண்டும் என்று மார்ட்டினைத் துரத்திக்கொண்டே இருக்கிறான். சேராவிட்டால் சுட்டுவிடுவேன் என்பது கூடுதல் நிபந்தனை. மார்ட்டினுக்கு மனநல மருத்துவரும் ஒருவர் உண்டு. ஆலன் ஆர்கின் நடித்த டாக்டர் ஓட்மன் தன் நோயாளியைப் பார்த்து நடுங்குகிறார். உன் தொழில் என்னவென்று தெரிந்த பிறகு என்னால் உனக்கு வைத்தியம் பார்க்க முடியாது என்று கெஞ்சுகிறார். கடைசியில் அவர் தரும் ஆலோசனை, சில நாள் யாரையும் கொல்லாமல் இருந்து பார், எப்படி இருக்கிறது என்று சொல் என்பது. சர்க்கரையைக் குறைக்கச் சொல்லும் தொனியில் அதைச் சொல்வார் ஆர்கின்.

மயாமியில் நடக்கும் ஒரு காட்சியை மட்டும் அருகில் போய்ப் பார்ப்போம். படுக்கையில் ஒருவர் தூங்குகிறார். தூக்கத்திலேயே போய்விட்டார் என்று உலகம் நம்ப வேண்டும், அதுதான் ஒப்பந்தம். மேலேயிருந்து ஒரு மெல்லிய நூல் அவர் வாய்க்கு நேராக இறங்குகிறது. நூலைப் பிடித்துக்கொண்டு விஷத்துளி ஒன்று வழுக்கி வருகிறது. பள்ளி ஆய்வுக்கூடத்தில் பியூரெட்டிலிருந்து அமிலம் சொட்டுவதைப் பார்த்திருப்பீர்களே, அதே பொறுமை. கடைசி நேரத்தில் ஆள் அசைந்துவிடுகிறார், காரியம் கெட்டுவிடுகிறது. விழித்துக்கொண்டவர் எதிரே துப்பாக்கியைப் பார்த்து, நான் செய்கிற எது உங்களுக்குப் பிடிக்கவில்லையோ அதை நிறுத்திவிடுகிறேன் என்று கெஞ்சுகிறார். அது நான் இல்லை என்கிறான் மார்ட்டின். பிறகு சுடுகிறான்.

அது நான் இல்லை. படத்தின் சாவி இந்த வார்த்தைகளில் இருக்கிறது. உன்னைக் கொல்ல விரும்புவது நான் இல்லை, யாரோ ஒருவர், நான் வெறும் கை என்று அர்த்தம். பத்து வருடமாக இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லித்தான் அவன் இரவில் தூங்கியிருக்கிறான். தன் கதையை டெபிக்குச் சொல்லும்போது ராணுவத்தில் வைத்த மனநலப் பரிசோதனையைப் பற்றிப் பேசுகிறான். அறம் சார்ந்த விஷயங்களில் எப்படி வேண்டுமானாலும் வளைந்துகொடுக்கும் மனம் இவனுக்கு இருக்கிறது என்று அதில் கண்டுபிடித்தார்களாம். அரசாங்கத்துக்காகக் கொன்றான், பிறகு தனியாருக்கு. அந்தக் குணத்தைப் பொறுக்கியெடுத்துப் பயிற்சி கொடுத்தது ஒரு நாடு என்பதைப் படம் சத்தம் போடாமல் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. நான் அதை எளிதாகக் கடந்துபோக முடிவதில்லை.

மயாமியில் கெட்டுப்போன காரியத்துக்கு ஈடாக டெட்ராய்ட்டில் இன்னொரு வேலை செய்து தரச் சொல்கிறார்கள். டெட்ராய்ட்டுக்குக் கிழக்கே, செயின்ட் கிளேர் ஏரிக்கரையில் இருக்கும் பணக்காரப் புறநகர்தான் குரோஸ் பாயிண்ட், அவன் சொந்த ஊர். ஆங்கிலத்தில் ‘பாயிண்ட் பிளாங்க்’ என்றால் துப்பாக்கியை நெஞ்சில் வைத்தாற்போல் மிக அருகிலிருந்து சுடுவது. ஊர்ப்பெயரையும் அதையும் சேர்த்துப் போட்ட சிலேடைதான் தலைப்பு. நாயகனின் பெயரும் பிளாங்க், அதாவது வெற்றிடம்.

ஊருக்குப் போனதும் வீட்டைத் தேடிப் போகிறான். வீடு இல்லை. அந்த இடத்தில் ஒரு சிறு சூப்பர்மார்க்கெட் நிற்கிறது. வண்டியில் வரும்போது அதிரடியாக ஒலித்துக்கொண்டிருந்த பாட்டு, கடைக்குள் நுழைந்ததும் அதே மெட்டில் லிஃப்டில் போடும் மெல்லிசையாகக் குழைந்துவிடுகிறது. பொருள் வாங்க வந்தவர்களுக்கு நடுவே அவன் நிற்கிறான், தன் வீடு இருந்த இடத்தில். ஃபோனில் டாக்டரிடம் சொல்கிறான்: இனிமேல் வீட்டுக்குத் திரும்பிப் போக முடியாதுதான், ஆனால் அங்கே சாமான் வாங்கலாம் போலிருக்கிறது. அம்மா ஒரு காப்பகத்தில் நினைவு வருவதும் போவதுமாக இருக்கிறாள். அப்பாவின் கல்லறையில் ஒரு பாட்டில் மதுவை முழுக்க ஊற்றிவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் வந்துவிடுகிறான். இந்தக் காட்சிகள் எல்லாம் சேர்ந்தாலும் சில நிமிடம்தான் இருக்கும். படத்தின் அவலம் துப்பாக்கியில் மட்டும் இல்லை என்பது இங்கே தெரிந்துவிடுகிறது.

காதல் கதைக்கு வருவோம். ரொமான்டிக் காமெடிக்கு ஓர் எலும்புக்கூடு உண்டு. இருவர் சேர வேண்டியவர்கள் என்று நமக்கு ஆரம்பத்திலேயே தெரியும். ஒருவர் எதையோ மறைப்பார். அது உடையும், பிரிவார்கள், மன்னிப்பார்கள், சேர்வார்கள். வழக்கமான படங்களில் மறைத்த விஷயம் மன்னிக்கத் தக்க அளவில்தான் இருக்கும். பணக்காரன் ஏழையாக நடித்திருப்பான், நண்பர்களோடு பந்தயம் கட்டிக் காதலித்திருப்பான். நாமும் மன்னித்துவிடுவோம், அதற்காகத்தான் டிக்கெட் வாங்கியிருக்கிறோம்.

இங்கே அதே எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது. 1986இல் பள்ளிக் கடைசி நடன இரவில், எழுநூறு டாலர் உடை உடுத்திக் காத்திருந்த டெபியை விட்டுவிட்டுப் போய் ராணுவத்தில் சேர்ந்தவன் மார்ட்டின். இப்போது அவள் உள்ளூர் வானொலியில் ஆர்ஜே. அவன் நிலையத்துக்கே வந்து நின்றதும் அவள் ஓடி வந்து அணைக்கவும் இல்லை, அறையவும் இல்லை. அவனை ஒலிவாங்கிக்கு முன் உட்கார வைத்து, இவனை நான் என்ன செய்யட்டும் என்று ஊரையே கேட்கிறாள். மின்னி டிரைவரின் டெபி யாருக்கும் கிடைக்கும் பரிசு இல்லை. அவளுடைய கோபத்துக்கு வேகமும் உண்டு, விளையாட்டும் உண்டு. அவள் இல்லாவிட்டால் இது சாமர்த்தியமான ஹிட்மேன் படமாக மட்டும் நின்றிருக்கும்.

மறைத்த விஷயம் மட்டும்தான் இங்கே வேறு. மன்னிக்கவே முடியாத அளவு பெரியது. அதைவிட விசேஷம், அவன் அதை மறைக்கவே இல்லை. என்ன செய்கிறாய் என்று கேட்ட எல்லோரிடமும் உண்மையைச் சொல்கிறான். அதற்கு மேற்படிப்பு படிக்க வேண்டுமா, நேரடியாகச் சேர்ந்துவிடலாமா என்று கேட்கிறான் பால். பல் வைத்தியக் காப்பீடு எல்லாம் தருவார்களா என்கிறாள் டெபி. இந்த உத்தி எவ்வளவு நுட்பமானது என்று எனக்கு இரண்டாம் முறை பார்த்தபோதுதான் புரிந்தது. ரீயூனியனில் வந்திருக்கிற ஒவ்வொருவரும் தான் யார் என்பதை மெருகு போட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவன் மட்டும் உண்மையைச் சொல்கிறான், அவன் ஒருவனைத்தான் யாரும் நம்பவில்லை. அவன் வாக்குமூலம் கொடுத்துக்கொண்டே அலைகிறான், கேட்க ஆள் இல்லை.

நகை, அச்சம், உவகை மூன்றும் ஒரே முகத்தில் வரும் என்று சொன்னேனே, அதற்கு இந்தப் படத்தில் ஒரு காட்சி இருக்கிறது. ரீயூனியன் கூட்டத்தில் ஒரு பழைய வகுப்புத்தோழி, கொஞ்சம் பிடி என்று தன் குழந்தையை மார்ட்டின் கையில் கொடுத்துவிடுகிறாள். குழந்தையைத் தூக்கத் தெரியாதவர்கள் பிடிப்பது போல உடம்பிலிருந்து தள்ளியே பிடித்திருக்கிறான். குழந்தை அவனை உற்றுப் பார்க்கிறது. இவனும் பார்க்கிறான். பின்னணியில் குயீன் குழுவும் டேவிட் போவியும் சேர்ந்து 1981இல் பாடிய ‘அண்டர் பிரஷர்’ உச்சத்துக்கு ஏறுகிறது. கேமரா குழந்தையின் முகம், இவன் முகம், மறுபடி குழந்தையின் முகம் என்று நெருங்கிக்கொண்டே போகிறது. வசனமே இல்லை. கைக்குழந்தையோடு திணறும் ஆணைப் பார்த்து நமக்குச் சிரிப்பு வருகிறது. அந்தக் கை எப்படிப்பட்ட கை என்று தெரிந்ததால் உள்ளே ஒரு திடுக்கிடல். அவன் கண்ணில் ஏதோ ஒன்று இளகுவதைப் பார்த்ததும் இவன் பிழைத்துவிட மாட்டானா என்ற ஆசை. அது நான் இல்லை என்று அந்தக் குழந்தையிடம் சொல்ல முடியாது, அது எதுவும் கேட்கவில்லை.

இசையைப் பற்றி ஒரு வார்த்தை. பின்னணி இசை ‘தி கிளாஷ்’ குழுவின் ஜோ ஸ்ட்ரம்மர். படம் நெடுகப் பெரும்பாலும் எண்பதுகளின் பாட்டுகள்தான். நமக்குப் பள்ளிக்கால இளையராஜா பாட்டு காதில் விழுந்தால் எப்படி இருக்குமோ அப்படித்தான் அந்தப் பாட்டுகள் அந்தப் பாத்திரங்களுக்கு. வன்முறைக் காட்சிகளின் மேலும் அதே பாட்டுகள் ஓடும்போது, இனிய பழைய நினைவென்று நாம் பொத்தி வைத்திருப்பதன் மேலேயே ரத்தம் தெறிக்கிறது.

குழந்தைக் காட்சிக்குப் பிறகு கொஞ்ச நேரத்தில் லாக்கர்களுக்குப் பக்கத்தில் அந்தக் கொலை. மார்ட்டினைக் கொல்ல வந்தவனாக நடித்தவர் பென்னி அர்க்கிடஸ், நிஜ கிக்பாக்ஸிங் வீரர், க்யூசாக்கின் பயிற்சியாளரும் அவரே. அதனால் அந்தச் சண்டையில் ஸ்டைல் எதுவும் இல்லை. இடுங்கலான இடத்தில் இரண்டு உடல்கள் மோதிக்கொள்கின்றன, மூச்சு வாங்குகிறது. கடைசியில் ஒரு பேனா கழுத்தில் இறங்குகிறது. அங்கே வந்து நிற்கிறாள் டெபி.

அந்த நொடியில் படத்தில் எல்லாச் சிரிப்பும் நின்றுவிடுகிறது. பல் வைத்தியக் காப்பீடு கேட்டவளுக்கு இப்போது புரிகிறது, அவன் விளையாடவே இல்லை என்று. நாம் இவ்வளவு நேரம் சிரித்த ஒவ்வொரு இடத்துக்கும் சேர்த்து அவள் முகம் நம்மைக் கேள்வி கேட்கிறது. நல்ல அவல நகைச்சுவைக்கு இப்படி ஓர் இடம் இருந்தே ஆக வேண்டும். சிரித்தவனை நிறுத்தி, எதற்குச் சிரித்தாய் என்று கேட்கும் இடம். அது இல்லாத படங்கள் சாமர்த்தியமாக இருக்கலாம், எனக்கு அவை போதவில்லை.

பிறகு ஹோட்டல் அறையில் விளக்கம் சொல்லப் பார்க்கிறான். நீ ஒரு மனநோயாளி என்கிறாள். இல்லை, மனநோயாளி காரணமே இல்லாமல் கொல்வான், நான் காசுக்குக் கொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, சரியாகச் சொல்ல வரவில்லை என்று தடுமாறுகிறான். இதற்கும் சிரிப்பு வரும். ஆனால் இந்தச் சிரிப்பு வேறு. வாசலில் அப்பாவிடம் சொன்ன அதே உண்மையைத்தான் இப்போதும் சொல்கிறான். அப்போது கேட்டவர் நம்பவில்லை, இப்போது கேட்பவள் நம்புகிறாள். நம்பியதும் அந்த வார்த்தைகளில் இருந்த லாவகம் எல்லாம் உதிர்ந்துபோய், உள்ளே என்ன இருந்ததோ அது மட்டும் மிஞ்சுகிறது.

எல்லாப் படமும் இதே பக்கம்தான் சாயும் என்றில்லை. 1985இல் ஜான் ஹியூஸ்டன் இயக்கிய ‘பிரிட்சீஸ் ஹானர்’ படத்தில் கணவன் மனைவி இருவருமே கூலிக்கொலைகாரர்கள். அங்கே தொழில் காதலைத் தின்றுவிடும், கணவனே மனைவியைக் கொன்றுவிடுவான். குரோஸ் பாயிண்ட்டில் காதல் தொழிலைத் தின்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் இந்த வகை எவ்வளவு தூரம் நீளும் என்று தெரியும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1934 முதல் 1968 வரை ஹாலிவுட்டில் நடைமுறையில் இருந்த தணிக்கை விதிகள், குற்றவாளியின் பக்கம் பார்வையாளரின் பரிவு சாயக் கூடாது என்று சொல்லின. அந்தக் காலத்தில் மார்ட்டின் மாதிரி ஒருவனை எழுதியிருந்தாலும் அவன் சாகாமல் படம் முடிந்திருக்காது.

படத்தில் எனக்குக் குறையும் உண்டு. மார்ட்டினைக் கண்காணிக்கும் இரண்டு அரசு உளவாளிகள் வரும் இடங்கள் தேய்ந்துபோனவை. கடைசித் துப்பாக்கிச் சண்டையும் தேவைக்கு மேல் நீளம். ஆனால் அந்தச் சண்டைக்குக் காரணமாக வரும் திருப்பம்தான் நான் ஆரம்பத்தில் சொன்ன அப்பாவின் காட்சியைத் திரும்பிப் பார்க்க வைக்கிறது. டெட்ராய்ட்டில் யாரைக் கொல்ல வேண்டும் என்ற விவரம் அடங்கிய கோப்பை மார்ட்டின் படம் முழுக்கப் பிரிக்காமலே வைத்திருக்கிறான். பிரித்துப் பார்க்கும்போது உள்ளே டெபியின் அப்பாவின் படம். ஒரு வழக்கில் சாட்சி சொல்லப் போகிறார் என்பதற்காக அவர் உயிருக்கு விலை வைத்திருக்கிறார்கள்.

வளர்ந்து வரும் துறை என்று சொன்னாரே, அதே மனிதர். தன்னைக் கொல்ல அனுப்பப்பட்டவனிடம்தான் அதைச் சொல்லியிருக்கிறார். அவனுக்கும் அப்போது அது தெரியாது. முதலில் அவருடைய பேதைமையைப் பார்த்துச் சிரித்தோம். இரண்டாம் முறை பார்க்கும்போது அந்த இடத்தில் பேதை ஒருவர் இல்லை, இரண்டு பேர்.

அது நான் இல்லை என்று இனிமேல் சொல்ல வழியில்லை. அவரைக் காப்பாற்ற அவருடைய வீட்டுக்கே ஓடுகிறான். குரோசரும் ஆட்களும் வந்துவிடுகிறார்கள், வீடு சல்லடையாகிறது. சுட்டுக்கொண்டே, குண்டுக்கும் குண்டுக்கும் இடையில், உன்னைக் காதலிக்கிறேன், நாம் சேர்ந்து வாழ முடியும் என்று டெபியிடம் பேசிக்கொண்டிருக்கிறான். குரோசரின் தலையில் தொலைக்காட்சிப் பெட்டியைப் போட்டு உடைக்கிறான். தூசி அடங்குகிறது. உடைந்த வீட்டில், ரத்தமும் சுண்ணாம்புத்தூளுமாக நின்றுகொண்டு, என்னைக் கல்யாணம் செய்துகொள்வாயா என்று கேட்கிறான்.

அப்பாதான் முதலில் வாய் திறக்கிறார். என் ஆசி உனக்கு உண்டு என்கிறார். இவன் தொழில் என்னவென்று இப்போது அவருக்கு நன்றாகவே தெரியும்.

டெபி பதில் சொல்லவில்லை. அடுத்து அவள் குரலை வானொலியில்தான் கேட்கிறோம். மன்னித்து மறந்துவிடு என்பார்கள் சிலர், எனக்குத் தெரியவில்லை, மன்னிப்பதை மறந்துவிட்டு ஏற்றுக்கொள்ளுங்கள், அப்புறம் ஊரை விட்டுக் கிளம்பிவிடுங்கள் என்கிறாள். அவனை மன்னித்துவிட்டதாக அவள் படத்தில் எங்கேயும் சொல்லவில்லை. கார் குரோஸ் பாயிண்ட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது, அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.